சர்க்கரை நோயும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளை, பாறசாலை பக்கம் சர்க்கரை உள்ள வீடுகளில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அட்டையோடு ஒரு ஆன்டிஆக்சிடன்ட் (செல்லைக் கெடுக்கும் பொருட்களை அடக்கும் வைட்டமின் போன்றவை) கேப்சூல் டப்பாவும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். எங்கள் வீட்டிலும் இருந்தது. அம்மாவுக்குப் பாதம் எரிந்தது; யாரோ சொன்னார்கள் என்று எட்டு மாதம் அதை விழுங்கினார். எரிச்சல் போய் மரத்துப்போக ஆரம்பித்ததும்தான் ரத்தம் பார்த்தோம். வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம் என்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அந்தக் கேப்சூலில் பி12 இல்லவே இல்லை. கால் எரிந்தால் முதலில் காரணத்தைப் பாருங்கள். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்பதில்லை.

சர்க்கரை கூடும்போது செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, செல்லைக் கெடுக்கும் சூப்பர் ஆக்சைடு என்ற பொருளை அதிகமாக உண்டாக்குகிறது. கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் கெடுவதில் இதற்குப் பங்கு உண்டு. அப்படியானால் அதை அடக்கும் வைட்டமினைக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். ஆராய்ச்சியாளர்களுக்கும் தோன்றியது, சோதித்தும் பார்த்தார்கள். 2000-ல் வெளியான ஹோப் ஆய்வில் 9,500-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். ஒரு பாதிப் பேர் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டார்கள். நாலரை வருடம் கழித்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. தொடர்ந்து கவனித்ததில், இதயம் பலவீனமாவது வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தது 2005-ல் தெரிந்தது. பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோயே கூடியது. பீடியை விடாமல் இந்த மாத்திரையைச் சாப்பிடும் அண்ணன்மார் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, நடைப்பயிற்சிக்குப் பலமாக இருக்கட்டும் என்று சாப்பிடுவது. 2009-ல் ஜெர்மனியில் ஆரோக்கியமான இளைஞர்களிடம் பார்த்தார்கள். தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் சாப்பிட்டவர்களுக்கு, உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பிக்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

எனக்கு அதிகம் பயம் தருவது குளுக்கோமீட்டர் விஷயம். வைட்டமின் சி அதிகமாக எடுத்தால் சில மீட்டர்களும், உடம்பில் ஒட்டும் சில சென்சார்களும் சர்க்கரையை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து ஆள் மயங்கிவிடலாம். இன்சுலின் போடுபவர்கள் என்னென்ன வைட்டமின் சாப்பிடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் என்ற ஆன்டிஆக்சிடன்ட் நரம்பு எரிச்சலுக்குச் சிலருக்கு உதவுகிறது, ஆனால் அதையும் அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

அப்புறம், மாத்திரை வேண்டாம், இயற்கையாகவே குடிக்கிறேன் என்று ஜூஸுக்குப் போவது. நம் பக்கத்துத் தோட்டங்களில் காய்த்துத் தொங்கும் பிலிம்பிக்காய், அதாவது மலையாளத்தில் இரும்பன்புளி, அதன் சாற்றைக் கொழுப்பு குறைய என்று குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று பழுதானதைக் கேரள டாக்டர்கள் 2013-ல் பதிவு செய்திருக்கிறார்கள். அதிலுள்ள, சிறுநீரகத்தில் படியும் ஆக்சலேட் என்ற பொருள்தான் காரணம். மீன்கறியில் புளிப்புக்கு இரண்டு மூன்று போடுவதை நான் சொல்லவில்லை, டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பதைத்தான் சொல்கிறேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏற்கெனவே கூடியிருந்தால் அந்தச் சாற்றைத் தொடவே வேண்டாம்.