கிரப்பா, சிஸ்டம்டி-பூட்டா, ரீஃபைண்டா? லினக்ஸ் கணினிக்கு பூட் லோடர் தேர்ந்தெடுப்பது எப்படி

பூட் லோடர் (கணினியைப் போட்டதும் ஓஎஸ்ஸைத் தொடங்கி வைக்கும் நிரல்) என்று பேச்செடுத்தாலே மெனு எவ்வளவு அழகாக இருக்கிறது, எத்தனை நொடி மிச்சமாகிறது என்ற இரண்டில்தான் பெரும்பாலும் போய் நிற்கும். நான் இரண்டையுமே பார்ப்பதில்லை. ஒரு கணினி என் கைக்கு வந்தால் வேறு இரண்டு விஷயங்களைத்தான் கேட்பேன். லினக்ஸின் மைய நிரலான கெர்னல் கோப்பை டிஸ்கிலிருந்து வாசித்து மெமரியில் ஏற்றுவது யார்? கெர்னல் அப்டேட் ஆனதும் அதை மெனுவில் சேர்ப்பது யார்? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்த லோடர் என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும்.

ஒரு குறிப்பு. தெரிந்தவர்களின் கணினி கறுப்புத் திரையில் நின்றால் எனக்குத்தான் போன் வரும். கமாண்டுகளை வாயால் சொல்லியே பழகிவிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ‘மைனஸ்’ என்றால் சிறு கோடு. கமாண்டுகளை ரூட் அனுமதியோடு ஓட்ட வேண்டும்.

முதல் வேலை, உங்கள் கணினி பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறதா, யுஇஎஃப்ஐ முறையிலா என்று பார்ப்பது. இரண்டுமே மதர்போர்டில் இருக்கும் தொடக்க நிரலான ஃபர்ம்வேரின் வகைகள். லினக்ஸுக்குள் போய் ‘சிஸ்’ டைரக்டரி, அதற்குள் ‘ஃபர்ம்வேர்’, அதற்குள் ‘எஃபி’ என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யுஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் பயாஸ். யுஇஎஃப்ஐ வசதி உள்ள கணினியிலேயே பயாஸ் முறையில் லினக்ஸ் நிறுவப்பட்டிருப்பதும் உண்டு. அதனால் கணினி எந்த ஆண்டில் வந்தது என்பதை வைத்து ஊகிக்க வேண்டாம்.

பயாஸ் என்றால் பேச்சு சுருக்கம்: கிரப் போடுங்கள். பயாஸுக்குக் கோப்பு முறை எதுவும் தெரியாது. டிஸ்கின் முதல் செக்டாரை எடுத்து ஓட்ட மட்டும்தான் தெரியும். அந்த 512 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, முத்திரைக்கு 2 போக, நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். அவ்வளவு சின்ன இடத்தில் எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறையை வாசிக்கும் நிரல் அடங்காது. ஒரு காலத்தில் எல்லாரும் வைத்திருந்த லிலோ இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தது. கெர்னல் டிஸ்கின் எந்தெந்த பிளாக்குகளில் இருக்கிறது என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றிவிட்டு லிலோ கமாண்டை ஓட்ட மறந்தால் பட்டியல் பழையதாகிவிடும், கணினி எழுந்திருக்காது. லிலோவின் உருவாக்கம் 2015 டிசம்பரோடு நின்றது. இப்போது புதிதாகப் போடக் காரணமே இல்லை. கிரப், முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே உள்ள காலி இடத்தில் தன் அடுத்த பகுதியை வைத்து, அங்கிருந்து கோப்பு முறையையே வாசிக்கும். பயாஸ் கணினியில் ஜிபிடி என்ற புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை இருந்தால் அந்தக் காலி இடம் கிடையாது. 1 எம்பி அளவில் ‘பயாஸ் பூட் பார்ட்டிஷன்’ ஒன்று தனியாக ஒதுக்க வேண்டும், அதை ஃபார்மட் செய்யக் கூடாது. சின்னதாக ஒன்று போதும் என்பவர்களுக்கு சிஸ்லினக்ஸ் குடும்பத்தின் எக்ஸ்ட்லினக்ஸ் இருக்கிறது. நல்ல நிரல்தான், ஆனால் அதன் கடைசி நிலையான வெளியீடு 2014-இல் வந்த 6.03.

யுஇஎஃப்ஐ-யில் நிலைமை வேறு. ஃபர்ம்வேருக்கே ஃபேட் கோப்பு முறை வாசிக்கத் தெரியும். டிஸ்கில் இஎஸ்பி என்று ஒரு ஃபேட் பார்ட்டிஷன் இருக்கும். அதிலுள்ள எஃபி நிரல்களில் எதை ஓட்ட வேண்டும் என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவில் இருக்கும். லோடர்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது இங்கிருந்துதான்.

கிரப் ஃபர்ம்வேரை நம்பிக் கொண்டிருக்காது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைகள், டிஸ்க்குகளைச் சேர்த்துப் பங்கிடும் எல்விஎம், சாஃப்ட்வேர் ரெய்டு, குறியாக்கம் செய்து பூட்டிய லக்ஸ் பார்ட்டிஷன் எல்லாவற்றுக்கும் அதனிடமே வாசிப்பு நிரல் உண்டு. கெர்னல் எங்கே இருந்தாலும் தேடி எடுத்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டுக்குள் (கோப்பு முறையின் பழைய நிலைப் பதிவு) இருக்கும் பழைய கெர்னலோடு பூட் செய்து, கெட்டுப்போன அப்டேட்டுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதியை மற்றவற்றில் இவ்வளவு சுலபமாகப் பெற முடியாது. இத்தனை வசதிக்கும் விலை அதன் பருமன். 2015 டிசம்பரில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. கிரப்புக்கு பாஸ்வேர்ட் போட்டிருந்தாலும் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 முறை அழுத்தினால் கமாண்ட் அடிக்கும் அவசரத் திரையான ரெஸ்க்யூ ஷெல் திறந்துவிடும். 2020 ஜூலையில் பூட்ஹோல்: கட்டமைப்புக் கோப்பை வாசிக்கும் பகுதியில் இருந்த பிழையால் கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டையே தாண்ட முடிந்தது. இரண்டும் சரிசெய்யப்பட்டுவிட்டன. இருந்தாலும், பூட் ஆகும் சில நொடிகளுக்கு இவ்வளவு பெரிய நிரல் எல்லாருக்கும் தேவையா என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கிரப்பில் இரண்டாவது கேள்விக்கான பதில் கொஞ்சம் சுற்றி வரும். நீங்கள் திருத்த வேண்டியது ‘இடிசி, டிஃபால்ட்’ டைரக்டரியில் உள்ள ‘கிரப்’ என்ற கோப்பை. அதிலிருந்து ‘கிரப்-எம்கே-கான்ஃபிக்’ என்ற கமாண்ட் நீளமான ‘கிரப்.சிஎஃப்ஜி’ கோப்பை உருவாக்கும். டெபியன் வகையில் இதையே ‘அப்டேட்-கிரப்’ என்று ஓட்டலாம். ‘கிரப்.சிஎஃப்ஜி’யைக் கையால் திருத்தினால் அடுத்த கெர்னல் அப்டேட்டில் அது மேலெழுதப்பட்டுப் போய்விடும். விண்டோஸ் திடீரென மெனுவில் காணோம் என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது கிரப்பின் பதிப்பு எண். 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடும் ‘ஓஎஸ்-ப்ரோபர்’ முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. ‘கிரப் டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்’ என்ற வரியில் ‘ஃபால்ஸ்’ என்று போட்டு மறுபடி கோப்பை உருவாக்கினால் விண்டோஸ் திரும்பிவிடும்.

டிஸ்க் முழுவதையும் லக்ஸ்2-வில் பூட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லக்ஸ்2-வின் முன்னிருப்பான ஆர்கான்2 என்ற, பாஸ்வேர்டிலிருந்து சாவி உருவாக்கும் முறையை, 2023 டிசம்பரில் வந்த 2.12 வரை மூல கிரப்பால் திறக்க முடியாது. பிபிகேடிஎஃப்2 முறையில் அமைத்தால்தான் திறக்கும். கெர்னலை, குறியாக்கம் செய்யாத பார்ட்டிஷனில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சிஸ்டம்டி-பூட் இதற்கு நேர் எதிர். கம்மிபூட் என்ற பெயரில் தனியாக இருந்தது, 2015-இல், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குள் வந்து சேர்ந்தது. யுஇஎஃப்ஐ-யில் மட்டும் ஓடும். கோப்பு வாசிக்கும் வேலை முழுவதையும் ஃபர்ம்வேரிடமே விட்டுவிடும். ஆகவே கெர்னலும், கூடவே ஏறும் தற்காலிகத் தொடக்கக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இஎஸ்பியிலேயே இருந்தாக வேண்டும், அல்லது அதே டிஸ்கில் ‘எக்ஸ்பூட்எல்டிஆர்’ வகைப் பார்ட்டிஷனில். கெர்னல் எங்கே என்று இங்கே தேடவே வேண்டியதில்லை. மெனு வேண்டுமா? ‘லோடர், என்ட்ரீஸ்’ டைரக்டரியில் ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு சின்ன உரைக் கோப்பு. ‘டைட்டில்’ என்று ஒரு வரி, ‘லினக்ஸ்’ என்று கெர்னலின் இடம், ‘இனிட்ஆர்டி’ என்று ஒன்று, ‘ஆப்ஷன்ஸ்’ வரியில் ரூட் பார்ட்டிஷனின் தனி அடையாள எண்ணான யுயுஐடி. அவ்வளவுதான். போனில் ஒருவருக்கு இதைச் சொல்லி எழுத வைத்துவிடலாம், ‘கிரப்.சிஎஃப்ஜி’யை அப்படிச் சொல்லிப் பாருங்கள்!

பிரச்சினை வருவது இடத்தில். விண்டோஸ் முதலில் நிறுவப்பட்டிருந்தால் இஎஸ்பி பெரும்பாலும் 100 எம்பிதான் இருக்கும். இனிட்ராம்எஃப்எஸ் ஒன்றே பல பத்து எம்பி வரும். அடுத்த கெர்னல் வந்ததும் இடம் நிரம்பிவிடும். அந்த நிலையில் இஎஸ்பியைத் தொடாதீர்கள். 1 ஜிபி அளவில் எக்ஸ்பூட்எல்டிஆர் பார்ட்டிஷன் ஒன்று புதிதாக உருவாக்கி, ஃபேட்32-வில் ஃபார்மட் செய்து, ‘பூட்’ டைரக்டரியில் மவுண்ட் செய்துவிடுங்கள். இன்னொன்று: விண்டோஸ் அதே இஎஸ்பியில் இருந்தால் சிஸ்டம்டி-பூட் தானாக மெனுவில் காட்டும், வேறு டிஸ்கின் இஎஸ்பியில் இருந்தால் தானாகக் காட்டாது. பலர் புழங்கும் பொது இடத்தில் வைக்கும் கணினி என்றால் ‘லோடர்.கான்ஃப்’ கோப்பில் ‘எடிட்டர் நோ’ என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ‘இ’ விசையை அழுத்தி, கெர்னலுக்குத் தரும் ஆப்ஷன்களான கெர்னல் வரியில், முதலில் ஓடும் நிரலைச் சொல்லும் ‘இனிட்’டை மாற்றி, பாஸ்வேர்ட் இல்லாமலே ரூட் ஷெல்லுக்குள் போய்விடலாம்.

ஒரே கணினியில் மூன்று நான்கு ஓஎஸ் வைத்துக்கொண்டு வாரம் ஒன்றை அழித்துப் போடுபவர்களுக்கு நான் சொல்வது ரீஃபைண்ட். ராட்ரிக் ஸ்மித் 2012-இல் ரீஃபிட்டிலிருந்து பிரித்து எடுத்தது. மெனுவை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் எல்லா டிஸ்க்குகளையும் அது துழாவி, கிடைக்கும் கெர்னல்களையும் எஃபி நிரல்களையும் படமாக வரிசைப்படுத்தும். எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் டிரைவர்கள் கூடவே வருவதால் ‘பூட்’ டைரக்டரியில் கிடக்கும் கெர்னலை அப்படியே எடுத்து ஓட்டும். ரூட் பார்ட்டிஷன் விவரம் மட்டும் கெர்னலுக்குப் பக்கத்தில் ‘ரீஃபைண்ட்_லினக்ஸ்.கான்ஃப்’ என்ற கோப்பில் இருந்தால் போதும். எல்விஎம்முக்குள்ளோ லக்ஸுக்குள்ளோ அதன் கை நீளாது. டிஸ்க்குகள் அதிகமானால் துழாவும் நேரமும் கூடும். முன்னிருப்பாக 20 நொடி காத்திருக்கும், முதல் நாளே அதைக் குறைத்துவிடுவேன்.

லோடரே வேண்டாம் என்றும் இருக்கலாம். 2012-இல் வந்த 3.3 முதல் கெர்னலே ஒரு எஃபி நிரல்தான், ஃபர்ம்வேர் நேரடியாக ஓட்டும். சில ஃபர்ம்வேர்கள் நாம் கொடுத்த கெர்னல் வரியைப் பத்திரமாக வைப்பதில்லை, அதனால் இதை வெறுமனே பரிந்துரைக்க மாட்டேன். கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், கெர்னல் வரி மூன்றையும் ஒரே எஃபி கோப்பாகக் கட்டும் யுகேஐ முறை இதைச் சரிசெய்கிறது. சொந்தச் சாவியால் கையொப்பமிட்டு செக்யூர் பூட்டோடு ஓட்ட விரும்புபவர்கள் யுகேஐ-யும் சிஸ்டம்டி-பூட்டும் சேர்த்து வைக்கலாம். சாவி வேலையெல்லாம் வேண்டாம், செக்யூர் பூட் மட்டும் அணையாமல் இருக்க வேண்டும் என்றால், மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற இடை நிரலோடு உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) தரும் கிரப்பை மாற்றவே மாற்றாதீர்கள்.

சரி, மாற்றிப் பார்க்க ஆசை. யுஇஎஃப்ஐ-யில் நல்ல விஷயம், இரண்டு லோடர்கள் சண்டையில்லாமல் அருகருகே இருக்கலாம். கிரப்பிலிருந்து சிஸ்டம்டி-பூட்டுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். நிறுவல் யுஎஸ்பி ஒன்று கையில் இருக்கட்டும். ‘எஃபி-பூட்-எம்ஜிஆர்’ என்று ஓட்டி வரும் பட்டியலை, குறிப்பாக ‘பூட்ஆர்டர்’ வரியை, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இஎஸ்பி முழுவதையும் வேறு இடத்தில் நகலெடுங்கள். இதைத் தவிர்க்க வேண்டாம், ஏனென்றால் அடுத்து ஓட்டப்போகும் ‘பூட்-சிடிஎல் இன்ஸ்டால்’ இஎஸ்பியின் ‘எஃபி, பூட்’ டைரக்டரியிலும் தன் நகலை வைத்துவிடும். செக்யூர் பூட் இயங்குகிறதென்றால் இங்கேயே நில்லுங்கள். கையொப்பமில்லாத லோடரை ஃபர்ம்வேர் ஓட்டாது.

நிறுவியதும் புதிய லோடர் வரிசையில் முதலில் போய் உட்கார்ந்திருக்கும். ‘எஃபி-பூட்-எம்ஜிஆர் மைனஸ் ஓ’ என்று போட்டுப் பழைய வரிசையையே திருப்பி எழுதுங்கள். கெர்னல்களை இஎஸ்பிக்கு நகலெடுத்து, மேலே சொன்ன உரைக் கோப்பை எழுதி, ‘பூட்-சிடிஎல் லிஸ்ட்’ ஓட்டினால் அது கண்ணில் படுகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு ‘மைனஸ் என்’ போட்டுப் புதிய லோடரின் நான்கு இலக்க எண்ணைக் கொடுங்கள். அடுத்த ஒரே ஒரு முறைக்கு மட்டும் அது ஓடும். சொதப்பினால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டால் கிரப் வந்து நிற்கும்.

ஒரு முறை எழுந்துவிட்டது என்பதற்காக வரிசையை மாற்றிவிடாதீர்கள். அடுத்த கெர்னல் அப்டேட் வரை காத்திருங்கள். அப்டேட் ஆன பின் ‘பூட்-சிடிஎல் லிஸ்ட்’டில் புதிய கெர்னல் தானாக வந்திருந்தால் உங்கள் டிஸ்ட்ரோவின் ‘கெர்னல்-இன்ஸ்டால்’ வேலை செய்கிறது என்று பொருள். வராவிட்டால் ஒவ்வொரு முறையும் நீங்களே நகலெடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்பு வேண்டாமென்றால் கிரப்பிலேயே இருந்துவிடுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

கிரப்போடு இருப்பவர்கள் ஒரு காட்சிக்குத் தயாராக இருக்க வேண்டும்: ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் காட்டி நிற்கும் திரை. பார்ட்டிஷன்களை அழித்தோ நகர்த்தியோ விட்டால், கிரப் தன் மாட்யூல்கள் இருந்த இடத்தைத் தொலைத்துவிட்டது என்று அர்த்தம். தரவு எதுவும் போய்விடவில்லை. ‘எல்எஸ்’ என்று அடித்தால் எச்டி0 காற்புள்ளி ஜிபிடி1, ஜிபிடி2 என்று அடைப்புக்குறிக்குள் வரும். ஒவ்வொன்றாக ‘எல்எஸ்’, இடைவெளி, அடைப்புக்குறியோடு அந்தப் பெயர், சாய்வுக்கோடு என்று அடித்துப் பாருங்கள். ‘பூட்’ டைரக்டரி தெரிவதுதான் நம் பார்ட்டிஷன். அது ஜிபிடி2 என்றால், ‘செட் ப்ரீஃபிக்ஸ்’, இடைவெளி இல்லாமல் சமக்குறி, அடைப்புக்குறியோடு அந்தப் பெயர், பின்னால் சாய்வுக்கோடு பூட் சாய்வுக்கோடு கிரப். ‘செட் ரூட்’டுக்கு அந்தப் பெயர் மட்டும். அடுத்து ‘இன்ஸ்மாட் நார்மல்’, அதற்கடுத்து வெறும் ‘நார்மல்’. பழைய மெனு வந்துவிடும். பூட்டுக்குத் தனிப் பார்ட்டிஷன் வைத்திருப்பவர்கள் நடுவில் ‘பூட்’டை விட்டுவிட்டு நேராக ‘கிரப்’ என்று கொடுக்க வேண்டும். போனில் நான் உதவும்போது பாதிப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உள்ளே போனதும் ‘கிரப்-இன்ஸ்டால்’, அப்புறம் ‘அப்டேட்-கிரப்’ அல்லது உங்கள் டிஸ்ட்ரோவில் அதற்கு இணையானதை ஓட்டினால்தான் அடுத்த முறையும் எழும்.

புதிய லோடர் நிலைத்துவிட்டது, கிரப் இனி வேண்டாம் என்று முடிவெடுத்தால், இஎஸ்பியிலிருந்து கோப்பை மட்டும் அழிக்காமல் பேக்கேஜையே நீக்குங்கள். விட்டுவைத்தால் சில டிஸ்ட்ரோக்களில் கிரப் பேக்கேஜ் அப்டேட் ஆகும்போது தன்னை மறுபடி நிறுவிக்கொண்டு வரிசையில் முதலில் வந்து நிற்கும். நீக்கிய பின் ‘எஃபி-பூட்-எம்ஜிஆர்’ பட்டியலில் அதன் பழைய எண் மிச்சமிருந்தால், ‘மைனஸ் பி’யோடு அந்த எண்ணும், கூடவே பெரிய எழுத்து பி-யும் கொடுத்து அழித்துவிடலாம். பட்டியலில் உள்ள விண்டோஸ் எண்ணை மட்டும் தவறியும் தொட்டுவிடாதீர்கள்.