வீட்டுப் பூனைக்கு எவ்வளவு, எத்தனை வேளை: தராசு வைத்து உணவிடும் முறை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் பூனை வளர்க்கும் வீடுகள் ஐந்து உண்டு. பூனைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு வைக்கிறீர்கள் என்று கேட்டால், ஐந்து வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: கிண்ணம் காலியானால் நிரப்புகிறோம். எங்கள் வீட்டிலும் மூன்றாண்டுகளுக்கு முன்பு வரை அதுவே வழக்கமாக இருந்தது. கருத்தடை செய்த ஓராண்டுக்குள் எங்கள் கடுவன் பூனை 4 கிலோவிலிருந்து 5.6 கிலோவுக்கு ஏறி, அலமாரி மேல் தாவுவதையே விட்டுவிட்ட பிறகுதான், சப்பாத்தி மாவு நிறுக்க வாங்கி வைத்திருந்த தராசைப் பூனைக்கும் பயன்படுத்தத் தொடங்கினோம். பூனைக்கு உணவிடுவதில் முதலில் வேண்டியது அந்தத் தராசுதான் என்பது என் கருத்து; எந்த நிறுவனத்தின் உணவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

முதலில் கணக்கு

கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு பார்ப்பதற்குக் கடினமாகத் தோன்றினாலும் கைப்பேசியில் அரை நிமிட வேலை. பூனையின் எடையைக் கிலோவில் எடுத்து, அந்த எண்ணை மும்முறை வைத்துப் பெருக்கி, வரும் எண்ணுக்கு இருமுறை வர்க்கமூலம் கண்டு, கிடைத்ததை 70 ஆல் பெருக்க வேண்டும். 4 கிலோ பூனைக்கு 4 × 4 × 4 என்பது 64; அதன் வர்க்கமூலம் 8; எட்டின் வர்க்கமூலம் சுமார் 2.83, அதை 70 ஆல் பெருக்கினால் 198. ஓய்வாகப் படுத்திருந்தாலும் அந்த உடலுக்கு ஒரு நாளில் தேவைப்படும் கிலோ கலோரி இது. கருத்தடை செய்யப்பட்டு வீட்டுக்குள்ளேயே வாழும் வளர்ந்த பூனைக்கு இதை 1.2 ஆலும், கருத்தடை செய்யாத பூனைக்கு 1.4 ஆலும் பெருக்கிக்கொள்ளலாம். ஆக நம் 4 கிலோ பூனைக்கு ஏறத்தாழ 240 கிலோ கலோரி. இதே முறையில் 3 கிலோ பூனைக்குச் சுமார் 190, 5 கிலோ பூனைக்குச் சுமார் 280 வரும். ஆனால் இங்கே போட வேண்டியது பூனை இருக்க வேண்டிய எடையே தவிர, இன்று அது இருக்கும் எடை அல்ல. கொழுத்துப்போன பூனையின் எடையைக் கொண்டு கணக்கிட்டால் கொழுப்புக்கும் சேர்த்துச் சோறு போடுகிறோம் என்று பொருள்.

கலோரியைக் கிராமாக மாற்றுவதில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். ட்ரை ஃபுட் என்று கடைகளில் கேட்டு வாங்கும் உலர் உணவு எல்லாம் ஒரே செறிவுடையது அல்ல. ஒரு பையில் கிலோவுக்கு 3,800 கிலோ கலோரி என்று அச்சிட்டிருந்தால் 240 கிலோ கலோரிக்கு 63 கிராம் போதும். கலோரியே அச்சிடாத பைகளும் உண்டு. அவற்றின் பின்புறத்தில் உள்ள புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம் ஆகியவற்றின் சதவீதத்தைக் கொண்டு நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஓர் எடுத்துக்காட்டாக, புரதம் 32, கொழுப்பு 10, நார்ச்சத்து 4, ஈரப்பதம் 10 என்று போட்டிருக்கிறது எனக் கொள்வோம். சாம்பல் சத்து, அதாவது தாதுக்களின் அளவு, குறிப்பிடப்படாவிட்டால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மீதமுள்ள 36 மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் தலா 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு 323 கிலோ கலோரி வருகிறது. அதே பூனைக்கு இந்தப் பையிலிருந்து 74 கிராம் வைக்க வேண்டும். இரண்டு பைகளுக்கும் நடுவே 11 கிராம் வேறுபாடு இருப்பதால், பையை மாற்றும்போது அதே குவளையால் அள்ளிப் போடுவது சரிவராது. குவளையில் ஐந்து கிராம் கூடுவதும் குறைவதும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கிலோவுக்கு 3,800 கிலோ கலோரி உள்ள உணவில் அந்த ஐந்து கிராம் 19 கிலோ கலோரி, அதாவது நாள் தேவையில் எட்டு சதவீதம்.

பவுச்சில் வரும் ஈர உணவும் சேர்த்துக் கொடுப்பவர்கள், 85 கிராம் பவுச் ஒன்றைச் சுமார் 70 கிலோ கலோரி என்று தோராயமாக எடுத்துக்கொண்டு, மீதமுள்ள 170 கிலோ கலோரிக்கு முதல் பையிலிருந்து 45 கிராம் உலர் உணவு வைக்கலாம். பவுச்சின் மேல் வேறு எண் அச்சிட்டிருந்தால் அந்த எண்ணே சரி. அன்றைய பங்கைக் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்து, வேளைதோறும் அதிலிருந்து மட்டுமே எடுக்கும் பழக்கம் மிக நல்லது. ‘நான் போட்டேனா, நீ போட்டாயா’ என்ற குழப்பம் கூட்டுக் குடும்பத்தில்கூட வராது.

எத்தனை வேளை

எலியைப் பிடித்துத் தின்று வாழும் பூனையை நினைத்துப் பார்த்தால் வேளைக் கணக்கு விளங்கிவிடும். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கிலோ கலோரிதான் இருக்கிறது. எனவே வேட்டையாடி வாழும் பூனை ஒரு நாளில் எட்டுக்கும் மேற்பட்ட முறை சிறுகச் சிறுகத் தின்கிறது. அதன் வயிறு அதற்கேற்றபடி சிறியது. வளர்ந்த பூனைக்கு நாளுக்கு இரண்டு வேளை என்பது குறைந்த அளவு. அதே மொத்தத்தை மூன்றாகவோ நான்காகவோ பிரித்துக் கொடுப்பது அதற்கு இன்னும் இயல்பானது. அலுவலகம் செல்வோர் காலை 7, மாலை 7, இரவு 11 என்று வைத்துக்கொள்ளலாம். வெளிவட்டச் சாலை நெரிசலை நம்பி மாலை நேரத்தை உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள், நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கி உணவுப் பெட்டி வாங்கிக்கொள்வது வீண் செலவு அல்ல.

இரவு 11 மணி வேளையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பூனைகள் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருப்பவை. மாலை ஏழு மணிக்குத் தின்றது அதிகாலை நான்கு மணிக்குள் தீர்ந்து, தலைமாட்டில் வந்து கத்தும். அப்போது எழுந்து போட்டுவிட்டால், கத்தினால் சோறு வரும் என்பதை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும். படுக்கப் போகுமுன் ஒரு பங்கு கொடுப்பதோடு, காலையில் நாம் எழுந்த உடனே கிண்ணத்தைத் தொடாமல் அரை மணி நேரம் கழித்து வைத்தால், நம் விழிப்புக்கும் அதன் சோற்றுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

குட்டிகளின் கணக்கு வேறு. நான்கு வாரம் வரை தாய்ப்பால். அதன்பின் குழைத்த ஈர உணவைச் சிறிது சிறிதாகப் பழக்கி, எட்டு வாரத்துக்குள் முழுமையாக உணவுக்கு மாற்றலாம். இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, அதன்பின் ஓராண்டு வரை மூன்று வேளை. ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கு நாளுக்குச் சுமார் 175 கிலோ கலோரி தேவை, அதாவது எடைக்கு எடை பார்த்தால் பெரிய பூனையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. குட்டிக்குப் பங்கைக் குறைத்துவிட வேண்டாம். வாரம் சுமார் 100 கிராம் எடை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். பால் கொடுக்கும் தாய்ப்பூனையும் அப்படித்தான். வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு தின்னும் என்பதால் அதற்குக் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கலாம்.

கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், தேவையோ குறையும். அறுவை சிகிச்சை செய்த இரண்டொரு வாரங்களிலேயே பங்கைக் குறைக்கத் தொடங்கியிருந்தால் எங்கள் பூனைக்கு 1.6 கிலோ ஏறியிருக்காது.

தயிர்சாதமும் மீன் தலையும்

கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கும் பூனை நம் பேச்சில் நிலைத்துவிட்டதால், பால்தான் பூனையின் உணவு என்ற எண்ணமும் நிலைத்துவிட்டது. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும். பால் சோறும் தயிர்சாதமும் வயிற்றை நிரப்புமே அன்றி உடலை வளர்க்காது. பூனை, இறைச்சியை மட்டுமே நம்பி வாழும்படி அமைந்த உயிர்; டாரின் என்ற சத்தைப் போதுமான அளவு தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. அந்தச் சத்து அரிசியிலும் பருப்பிலும் இல்லை. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை 1987-இல் அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர்கள் நிறுவிய பின்னரே பூனை உணவுத் தயாரிப்பாளர்கள் டாரினின் அளவைக் கூட்டினார்கள். சைவக் குடும்பங்களில் பூனை வளர்ப்போருக்கு இது சங்கடமான செய்திதான். ஆயினும் ‘முழுமையான உணவு’ என்று குறிக்கப்பட்ட பூனை உணவை வாங்கித் தனிக் கிண்ணத்தில் வைப்பதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நாய் உணவு இதற்கு ஈடாகாது.

வீட்டில் கோழி வேகவைத்துப் போடுவோர், வெறும் கோழி முழு உணவு ஆகாது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தின்பண்டமாக, நாள் தேவையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல், உப்பும் மசாலாவும் இல்லாமல் கொடுக்கலாம். 4 கிலோ பூனைக்கு அது சுமார் 15 கிராம் வெந்த நெஞ்சுக்கறி. இரண்டு விரல் கணுக்களின் அளவுதான். டாரின் தண்ணீரில் கரைந்து வெளியேறும் என்பதால் வேகவைத்த தண்ணீரையும் ஆறவைத்து ஊற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மத்தி வாங்கிவந்தால் அதில் ஒன்றை முள் நீக்கி வேகவைத்துப் போடலாம். பச்சை மீனை அன்றாட உணவாக்கினால் சிலவகை மீன்களிலுள்ள நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். ஈரலைத் தினமும் கொடுத்தால் ஏ வைட்டமின் அளவுமீறிச் சேரும். வெந்த எலும்பு பிளந்து குத்தும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிப்பவை. குழம்பில் கிடந்த மீன் துண்டைக் கழுவிப் போட்டாலும் ஆபத்து நீங்காது.

எங்கள் பூனையின் எடை கணக்குப்படி இறங்காததற்கு அக்கம்பக்கத்து வீடுகளின் தயிர்சாதமும் மீனுமே காரணமாக இருந்தன. நாங்கள் நிறுத்துப் போட, அது மாடிப்படி இறங்கிப்போய்க் கீழ்வீட்டு மாமியிடம் தயிர்சாதமும் எதிர்வீட்டில் மீன் தலையும் தின்று வந்தது. கழுத்துப் பட்டையில் ‘எனக்கு வீட்டில் சாப்பாடு உண்டு’ என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டியதில் தயிர்சாதம் நின்றது. மீன் தலை நிற்க நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது.

கிண்ணமும் தண்ணீரும்

கிலோவுக்கு 50 மில்லி என்ற கணக்கில் 4 கிலோ பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 மில்லி நீர் சேர வேண்டும். ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் நீரே என்பதால் அதிலிருந்து பெருமளவு கிடைத்துவிடும். 63 கிராம் உலர் உணவிலோ ஆறு மில்லிதான் கிடைக்கும். உலர் உணவை மட்டும் தின்று நீர் குறைவாகக் குடிக்கும் கடுவன்களுக்குச் சிறுநீர் அடைப்பு வரும் வாய்ப்பு கூடுதல். தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுக் கிண்ணத்தை விட்டுத் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஈர உணவைக் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விட வேண்டாம். ஜூன் மழை தொடங்கியதும் கிண்ணத்தைத் தேடி எறும்பு வரும். தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவே கிண்ணத்தை வைத்தால் போதும், மருந்துச் சாக்குக்கட்டி கோடு போடுவது பூனை நக்கும் இடத்தில் கூடவே கூடாது.

கணக்கைத் திருத்துவது

மேலே சொன்ன எண்கள் தொடக்கத்துக்கானவை. ஒரே எடையுள்ள இரண்டு பூனைகளின் தேவை கால் பங்கு வரை வேறுபடலாம் என்பதால், முடிவு சொல்ல வேண்டியது உடல்தான். விலாப்பக்கத்தில் விரல்களை மெல்ல ஓட்டினால், புறங்கையைத் தடவும்போது தட்டுப்படுவது போல எலும்புகள் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் பூனை பருத்திருக்கிறது. பார்க்கும்போதே எலும்பு தெரிந்தால் மெலிந்திருக்கிறது. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, நம் எடையைக் கழித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். குறைக்க வேண்டுமானால் பங்கைப் பத்து சதவீதம் மட்டும் குறைத்து இரண்டு வாரம் பொறுத்திருங்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் இறங்குவது பாதுகாப்பானது. எங்கள் பூனை 1.2 கிலோ குறைய ஏழு மாதம் ஆயிற்று. உணவின் வகையை மாற்றுவதாக இருந்தால், பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் மாற்றி முடியுங்கள்.

பருத்த பூனையைப் பட்டினி போட்டு இளைக்கவைக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தாலே உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் தேங்கி, ஈரல் செயலிழக்கும் நிலை வரலாம். வளர்ந்த பூனை ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். குட்டி என்றால் அரை நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். நன்றாகத் தின்றும் மெலிந்து, தண்ணீரும் மிகுதியாகக் குடிக்கும் முதிய பூனைக்குச் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு ஆகிய மூன்றையும் சோதிக்கச் சொல்வார்கள். கடுவன் மணல் தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து சிறுநீர் வராமல் எழுந்தால், நள்ளிரவானாலும் உடனே கிளம்ப வேண்டும். மருத்துவரிடம் போகும்போது எடை குறித்த தாளையும், உணவுப் பையின் பின்புறப் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு தின்கிறது என்பதே அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.