மெட்டல் கியர் ஆசிட்: ஆடும்போதும் தீர்ப்புச் சொல்லும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெட்டல் கியர் ஆசிட் ஆடியவர்களிடம் கருத்துக் கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்தான் வரும். ஒன்று, "செம கேம், யாருமே கண்டுக்கல." இன்னொன்று, "சீட்டு வச்சு ஆடுற மெட்டல் கியரா, ரெண்டு லெவல்ல மூடி வச்சுட்டேன்." நடுவில் நிற்பவர்கள் குறைவு. இந்த இரண்டாவது கட்சிக்காரர்கள் அடுக்கும் குறைகளைப் பொறுமையாகக் கேட்டால் ஒன்று புரியும். அதில் பெரும்பகுதி, ஆக்‌ஷன் கேம் ஆடுகிற கையோடு இதையும் ஆடியதால் வந்த எரிச்சல். மிச்சம் உண்மையான குறை, அதையும் இங்கே மறைக்கப் போவதில்லை.

கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாக: கொனாமி 2004 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் பிஎஸ்பி என்ற சோனியின் கையடக்கக் கருவிக்காக வெளியிட்ட வீடியோ கேம் இது, எதிரி கண்ணில் படாமல் முன்னேறும் மெட்டல் கியர் தொடரில் ஒன்று. பிஎஸ்பியே அங்கே விற்பனைக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் 2005 மார்ச்சிலும் ஐரோப்பாவில் அதே வருடம் செப்டம்பரிலும் பிஎஸ்பி கடைக்கு வந்தபோது கூடவே இதுவும் வந்துவிட்டது. இயக்கியவர் ஷின்டா நோஜிரி. 2000இல் கேம் பாய் கலரில் வந்த மெட்டல் கியரும் அவர் இயக்கியதுதான், அதனால் கையடக்கக் கருவிக்கு ஒளிந்து விளையாடும் ஆட்டம் செய்வது அவருக்குப் புதிதில்லை. கட்டம் போட்ட தரை, முறை வைத்து நகர்தல், செய்கிற எல்லாவற்றுக்கும் கார்டு. சுடவும் கார்டு, ஒளியவும் கார்டு, நாலு அடி நடக்கக்கூட கார்டு.

முதல் தவறு, இதை அதே தொடரின் ஸ்னேக் ஈட்டரோடு ஒப்பிடுவது. ஜப்பானில் இரண்டும் ஒரே நாளில் வெளியானவை. ஒரு பக்கம் டிவியில் போட்டு ஆடும் பிஎஸ்2இல் காடும் சேறும் பாம்பும் கண்ணைப் பறிக்கிறது, இன்னொரு பக்கம் சின்னத் திரையில் தொடரின் நாயகன் ஸ்னேக் கார்டைக் காட்டினால்தான் கால் எடுத்து வைக்கிறார். அந்த நேரத்தில் ஏமாற்றம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் இன்றைக்கும் "இது நிஜ மெட்டல் கியர் இல்லை" என்று அதையே சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை. பிஎஸ்பியில் நேரடி ஆக்‌ஷன்தான் வேண்டும் என்றால் இதே தொடரில் போர்ட்டபிள் ஆப்ஸ் இருக்கிறது, பீஸ் வாக்கர் இருக்கிறது. ஆசிட் வேறு ஒன்றைச் செய்து பார்த்த ஆட்டம். அப்புறம், புகழ்பெற்ற ஆக்‌ஷன் தொடரைக் கார்டு ஆட்டமாக மாற்றுவது இவர்களுக்கு மட்டும் தோன்றிய கிறுக்குத்தனமும் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் கிங்டம் ஹார்ட்ஸ் தொடரும் கேம் பாய் அட்வான்ஸில் கார்டுகளோடு வந்து, இதே மாதிரி ரசிகர்களை இரண்டாகப் பிரித்தது.

இனி ஆடும்போது நடக்கும் தவறுகள். இதில் எல்லாவற்றுக்கும் தாய்த் தவறு ஒன்றுதான்: காஸ்ட் எண்ணைப் பார்க்காமல் ஆடுவது.

ஒவ்வொரு கார்டிலும் காஸ்ட் என்று ஒரு எண் இருக்கும். அது நீங்கள் கொடுக்கிற காசு மாதிரித் தோன்றும், அங்கேதான் சறுக்கல். உண்மையில் அது நேரம். கார்டைப் பயன்படுத்தினால் அந்த எண் உங்கள் கணக்கில் ஏறும், பிறகு எல்லாருடைய எண்ணும் ஒன்றாக இறங்கிக்கொண்டே வரும், யாருடையது முதலில் பூஜ்யத்தைத் தொடுகிறதோ அவர் முறை. காவலாளிகளுக்கும் இதே கணக்குதான். "நான் ஒரு தடவை, நீ ஒரு தடவை" என்ற சதுரங்க ஒழுங்கு இங்கே கிடையாது. இது மண்டையில் ஏறாதவர்கள்தான் "எதிரி மட்டும் ரெண்டு தடவை நகர்றான், கேம் ஏமாத்துது" என்று புலம்புகிறார்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நீங்கள் ஒரு மூலையில் இருக்கிறீர்கள். காவலாளியின் எண் இப்போது 5, ஒவ்வொரு தடவை அவர் நகரும்போதும் 6 ஏறுகிறது. உங்கள் கையில் காஸ்ட் 4 உள்ள ஒரு கார்டும் 12 உள்ள ஒரு கார்டும். வழக்கமாக ஒரு முறைக்கு இரண்டு செயல் செய்யலாம் என்பதால், கிடைத்த இரண்டையும் போட்டுவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். போட்டால் உங்கள் கணக்கு 16. காவலாளி 5இல் ஒரு தடவை, 11இல் இன்னொரு தடவை நகர்ந்துவிடுவார், அதுவரை நீங்கள் நடுக்கூடத்தில் சிலை. 4 உள்ளதை மட்டும் போட்டு நிறுத்தியிருந்தால்? அவர் அசைவதற்கு முன்பே உங்கள் முறை திரும்பியிருக்கும். அதே இடம், அதே கார்டுகள், ஒன்றில் அலாரம், ஒன்றில் அமைதி. மற்ற மெட்டல் கியர்களில் விரலின் வேகத்தால் செய்வதை இங்கே இந்தக் கூட்டல் கழித்தலால் செய்கிறோம். இது பிடிபட்ட நிமிடம் ஆட்டத்தின் முகமே மாறிவிடும். பிடிபடாமலே கைவிட்டவர்களின் விமர்சனத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் படிக்க வேண்டும்.

இதற்கு ஆட்டத்தின் மீதும் ஒரு பங்கு பழி உண்டு. ஆரம்ப விளக்கங்கள் திரை திரையாக எழுத்தாகவே வருகின்றன. யார்தான் படிப்பார்கள்? எக்ஸ் பட்டனைத் தட்டித் தட்டித் தாண்டிவிட்டு, மூன்றாவது லெவலில் முழிக்கிறார்கள். தாண்டாதீர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அடுத்தது டெக், அதாவது ஆட எடுத்துக்கொண்டு போகும் கார்டுக் கட்டு. ஆட்டத்துக்குள் இருக்கும் கடையில் கார்டு பாக்கெட் வாங்கித் திறந்ததும் பளபளவென்று ஒரு பெரிய துப்பாக்கிக் கார்டு வந்தால் நேராக டெக்கில் சொருகுவது எல்லாரும் செய்வதுதான். இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பெரிய துப்பாக்கிக்குப் பெரும்பாலும் காஸ்ட்டும் பெரியது, அதாவது சுட்டுவிட்டு நீண்ட நேரம் தேமே என்று நிற்க வேண்டும். இன்னொன்று தோட்டா. சில ஆயுதக் கார்டுகளை எடுத்த கையோடு சுட்டுவிடலாம். வேறு சிலவற்றை முதலில் மாட்டிக்கொள்ள வேண்டும், பிறகு அதே தோட்டா வகை உள்ள இன்னொரு கார்டைச் செலவழித்தால்தான் அது சுடும். 9 மி.மீ. துப்பாக்கியை மாட்டிக்கொண்டு, கை நிறைய 5.56 மி.மீ. கார்டுகளை வைத்துக்கொண்டு நிற்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கி இருக்கிறது, தோட்டாவும் இருக்கிறது, சேராது. "எனக்கு வேண்டிய கார்டே வர மாட்டேங்குது, எல்லாம் அதிர்ஷ்டம்" என்ற குற்றச்சாட்டு இந்த ஆட்டத்தைப் பற்றி அடிக்கடி கேட்பது. அப்படிச் சொல்பவர் டெக்கைத் திறந்து காட்டட்டும், அதில் நாலைந்து தோட்டா வகை கலந்து கிடக்கும். ஒன்று அல்லது இரண்டு வகையோடு நிறுத்திக்கொண்டால் அதிர்ஷ்டம் தானாக நல்ல பிள்ளையாகிவிடும். அதிர்ஷ்டம் முழுதாக ஒழியாது, ஒழியவும் கூடாது, கார்டு ஆட்டம்தானே.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நல்ல கார்டை "அப்புறம் தேவைப்படும்" என்று கையிலேயே வைத்துக்கொண்டு, நடப்பதற்கு மட்டும் உப்புச்சப்பில்லாத கார்டுகளைச் செலவழித்துக்கொண்டே போவது. ரம்மியில் ஜோக்கரைக் கடைசிவரை கையில் பிடித்துக்கொண்டே எண்ணிக்கையில் தோற்பவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார், அவருடைய ஆட்டம் இது. கையில் வைத்துக்கொள்ளும் கார்டுகளுக்கு அளவு இருக்கிறது. அதில் நாலு கார்டை 'பொக்கிஷம்' என்று ஒதுக்கிவிட்டால் மிச்சத்தை வைத்துத்தான் நடை, ஒளிவு, சண்டை எல்லாமே. எந்தக் கார்டையும் நடப்பதற்காகச் செலவழிக்கலாம் என்ற விதியே, எதை விட்டுக்கொடுப்பது என்று உங்களை யோசிக்க வைக்கத்தான். அரிய கார்டைப் போட்டு மூன்று கட்டம் தள்ளி நின்றதால் மாட்டாமல் தப்பினீர்கள் என்றால், அது வீண் இல்லை.

திசையையும் பலர் மறக்கிறார்கள். நகர்ந்து முடித்ததும் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது, நிமிர்ந்தா பதுங்கியா என்பது உங்கள் கையில். அவசரத்தில் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டு, பின்னால் வந்தவனிடம் அடி வாங்குவது அடிக்கடி நடக்கிறது.

அப்புறம், எல்லாரையும் போட்டுத்தள்ளும் ஆசை. பெரும்பாலான லெவல்களில் வேலை ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான். சுட ஆரம்பித்தால் சத்தம், அலாரம், கூடுதல் ஆட்கள், அவர்கள் ஒவ்வொருவரின் முறையையும் உட்கார்ந்து பார்க்கும் தண்டனை. "ரொம்ப ஸ்லோ" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இந்தத் தண்டனையைத் தாங்களே வாங்கிக்கொண்டவர்கள். சுவரைத் தட்டி ஆளை நகர்த்துவது, அட்டைப்பெட்டிக்குள் ஒளிவது என்று தொடரின் பழைய தந்திரங்கள் இதிலும் உண்டு. பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு சண்டைகள் இருப்பதால் ஆயுதமே இல்லாமலும் போக முடியாது. ஒரே டெக்கை எல்லா லெவலுக்கும் தூக்கிக்கொண்டு போகாமல் இடையில் மாற்றிக்கொள்ளுங்கள், அதற்குத்தான் லெவல்களுக்கு நடுவே அந்த வசதி. சில இடங்களில் ஸ்னேக்கின் கூட்டாளியான டெலிகோ என்ற பெண்ணையும் சேர்த்து நடத்த வேண்டிவரும், அங்கே ஸ்னேக்கை மட்டும் ஓடவிட்டு அந்தம்மாவை மூலையில் மறந்துவிடுவது இன்னொரு வழக்கமான கூத்து.

சரி, உண்மையான குறைகளுக்கு வருவோம். கேமரா மோசம்தான், அதில் வாதாட ஒன்றும் இல்லை. குறுகலான அறைகளில் எது சுவர், எது வழி, காவலாளி எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளவே சுழற்றிச் சுழற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. திட்டம் போட்டு ஆட வேண்டிய ஆட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. எதிரிகள் நகரும்போது காத்திருக்கும் நேரம், அலாரம் அடிக்காவிட்டாலும் அதிகம்தான். கதையைப் பொறுத்தவரை, 2016இல் நடக்கிறது, அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்பவர் இருக்கும் விமானம் கடத்தப்படுகிறது, கடத்தியவர்கள் பித்தகோரஸ் என்ற ஒன்றைக் கேட்கிறார்கள், அது இருப்பதாகச் சொல்லப்படும் ஆப்பிரிக்கத் தீவு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஸ்னேக் போகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்கிற விதம், அசையாத முகப் படங்களும் பக்கம் பக்கமாக எழுத்தும், குரலே கிடையாது. குரலுக்குப் பெயர்போன தொடரில் இந்த மௌனம் உறுத்துகிறது. "முக்கியத் தொடரின் கதையில் சேராது, அதனால் எதுக்கு ஆடணும்" என்று ஒதுக்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சேராததால்தான் யார் நல்லவர், யார் கெட்டவர், ஸ்னேக்கே யார் என்பதில் எழுதியவர்கள் கை வைக்க முடிந்திருக்கிறது.

கருத்துகளைப் படிக்கும்போது நடக்கும் இன்னொரு குழப்பம், முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவது. ஆசிட் 2 ஜப்பானில் 2005 டிசம்பரிலும் அமெரிக்காவில் 2006 மார்ச்சிலும் வந்தது. கார்ட்டூன் மாதிரி அடர்த்தியான வண்ணங்கள், 500க்கும் மேற்பட்ட கார்டுகள், முதலாவதைவிட விறுவிறுப்பு. முதலாவதில் கார்டுகள் 200 சொச்சம்தான். "வேகமா இருந்துச்சு, படமும் சூப்பர்" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அவர் சொல்வது இரண்டாவது. "இருட்டா இருந்துச்சு, இழுத்துச்சு" என்றால் முதலாவது. என் கருத்தில் இரண்டாவதுதான் நல்ல ஆட்டம், ஆனால் அதை முடித்துவிட்டு முதலாவதுக்குத் திரும்பினால் சேற்றுக்குள் நடப்பது போல இருக்கும், பாதியில் விட்டுவிடுவீர்கள். இரண்டையும் ஆடுகிற எண்ணம் இருந்தால் வரிசையாகப் போங்கள். முதலாவதை முடித்தவர்களுக்கு இரண்டாவதின் கதையில் சில இடங்கள் கூடுதலாகப் பிடிபடும். ஒன்றுதான் ஆடுவேன் என்றால் யோசிக்காமல் இரண்டாவது.

கடைசியாக, பழைய பிரதி வாங்குபவர்களுக்கு. பிஎஸ்பி ஆட்டங்களுக்குப் பிராந்தியப் பூட்டு இல்லை, ஜப்பான் டிஸ்க் எந்தக் கருவியிலும் ஓடும். அதை நம்பி விலை குறைவு என்று ஜப்பானியப் பிரதியை வாங்கிவிடாதீர்கள். கார்டு விளக்கம், கதை, கட்டளை என்று இந்த ஆட்டம் முழுக்க எழுத்துதான், மொழி தெரியாமல் ஒரு லெவல்கூடச் சுகமாக ஆட முடியாது. சோனியின் அடுத்த கையடக்கக் கருவியான வீட்டாவில் போட்டுக்கொள்ளலாம் என்று பிஎஸ்பியின் யூஎம்டி டிஸ்க்கை வாங்குபவர்களும் இருக்கிறார்கள், வீட்டாவில் அந்த டிஸ்க்கைப் போட இடமே இல்லை. ஆசிட் 2 புதிதாக வந்தபோது கூடவே சாலிட் ஐ என்ற அட்டையில் மடித்துச் செய்யும் கண்ணாடி ஒன்றும் வந்தது. பிஎஸ்பி திரைமேல் வைத்து உள்ளே பார்த்தால் படம் முப்பரிமாணமாகத் தெரியும். அட்டைதானே, கைமாறிக் கைமாறி வரும் பிரதிகளில் அது கிழிந்தோ தொலைந்தோ போயிருக்கலாம். அதற்காகவே கூடுதல் விலை சொன்னால் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டாலும் ஆட்டம் முழுதாக ஓடும்.