பிடிச்ச மியூசிக் பேண்டை லைவ்ல பாக்கப் போறப்ப நம்மாளுங்க பண்ற தப்புங்க

மொதல்லயே சொல்லிடறேன், நான் மியூசிஷியன் எல்லாம் இல்ல, கிட்டார்ல ரெண்டு கார்டுக்கு மேல தெரியாது. ஆனா சென்னைல எங்க பேண்டு வாசிச்சாலும் ஓடிப்போய் நிக்கற ஆளு, ஐஐடி மெட்ராஸ் ஸ்டூடன்ட்ஸ் நடத்தற சாரங் விழாவோட ராக் ஷோவுல ஆரம்பிச்ச பழக்கம், இன்னும் விடல. இத்தனை வருஷத்துல நானே பண்ண தப்பு, பக்கத்துல நின்னவங்க பண்ண தப்புன்னு நிறைய பாத்தாச்சு. இதுல பாதிக்கு மேல வர்றது ஒரே ஒரு தப்புலேர்ந்துதான்னு இப்பதான் புரியுது, அதனால மொதல்ல அதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்லிட்டு, அப்புறம் மத்ததுக்கு வரேன்.

அது என்னன்னா, மெல்லிசைக் கச்சேரிக்குப் போற மனசோட பேண்டு பாக்கப் போறது. நாமெல்லாம் கோயில் திருவிழாலயும் கல்யாண ரிசப்ஷன்லயும் லைட் மியூசிக் கேட்டு வளந்தவங்க. அங்க பாடகரைப் பாராட்டணும்னா என்ன சொல்லுவோம், "அப்படியே ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சுப்பா"ன்னுதான? அந்தக் கலைக்கு அதுதான் அளவுகோல், அதுல ஒரு தப்பும் இல்ல, பாட்டு நடுவுல வர்ற ஒரு இன்டர்லூட் இசை பிசகாம வாசிக்கறது சாதாரண வேலையும் இல்ல. ஆனா அதே அளவுகோலைத் தூக்கிட்டு சொந்தமா பாட்டு போடற பேண்டு முன்னாடி போய் நின்னா ஏமாத்தம்தான் மிஞ்சும். இந்தியன் ஓஷனை எடுத்துக்கோங்க, 1990-ல டெல்லில ஆரம்பிச்ச பேண்டு, ஆல்பத்துல இருக்கற பாட்டை மேடைல இழுத்து, நடுவுல பேசி, டிரம்ஸுக்கு ஒரு இடம் பேஸ் கிட்டாருக்கு ஒரு இடம்னு விட்டு எங்கயோ போய் திரும்பி வருவாங்க. 1997-ல வந்த அவங்க டெசர்ட் ரெயின் ஆல்பமே லைவ்ல ரெக்கார்டு பண்ணதுதான், அப்ப எதை ஒரிஜினல்னு சொல்லுவீங்க? ஆன்லைன்ல கேட்ட வெர்ஷன் ஒரு நாள் வாசிச்சது, இன்னிக்கு வாசிக்கறது இன்னிக்கு வாசிக்கறது, அவ்வளவுதான். என் ஃப்ரெண்டு ஒருத்தன் முழு பாட்டுக்கும் "கிட்டார் தனியா வாசிக்கற சோலோவை மாத்திட்டாங்கடா, மாத்திட்டாங்கடா"ன்னு என் காதுல புலம்பிட்டே இருந்தான், மாத்தினது எவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு அவன் கவனிக்கவே இல்ல.

இதோட தம்பிதான் சினிமா பாட்டு கேக்கறது. மேடைல ஒருத்தங்க ரெண்டு வருஷம் உக்காந்து எழுதின பாட்டைப் பாடிட்டு இருக்கறப்ப பின்னாடிலேர்ந்து ஒரு குரல், "அண்ணே, ஒரு குத்துப்பாட்டு போடுங்க!" கேக்கறவருக்கு அது வெறும் உற்சாகம், பாடறவங்களுக்கு மூஞ்சில தண்ணி ஊத்தின மாதிரி இருக்கும். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற சென்னை பேண்டு 2018 ஜனவரி 6 கீழ்ப்பாக்கத்துல மொத தடவை மேடை ஏறினப்ப கிட்டத்தட்ட இருபது பேர், கானாவும் ராப்பும் ராக்கும் ஒண்ணா கலந்து, சட்டி, கட்டமோளம்ங்கற தோல் வாத்தியங்களும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடைல. பேரே சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரோட சாதி பேதமற்ற தமிழர்ங்கற வார்த்தைலேர்ந்து எடுத்தது. இடஒதுக்கீடு பத்தி, மாட்டுக்கறி பத்தி எல்லாம் பாடறாங்க, அதுல பீட்டை மட்டும் கேட்டு ஆடிட்டு வார்த்தையை விட்டுட்டு வர்றவங்களப் பாத்தா எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கும். ஆடறது தப்பே இல்ல, கண்டிப்பா ஆடணும், ஆனா போறதுக்கு முன்னாடி பஸ்லயோ மெட்ரோலயோ ஒரு தடவை வரிகளைக் கேட்டுட்டுப் போங்க, மேடைல கானா பாடகி இசைவாணி மாதிரி ஒருத்தங்க அதே வரியைப் பாடறப்ப கூடச் சேந்து கத்த முடியும் பாருங்க, அந்த சந்தோஷம் ஹெட்போன்ல வரவே வராது.

வரி புரியலன்னாலும் பரவால்லன்னு இன்னொரு பக்கமும் இருக்கு. இந்தியன் ஓஷனோட கந்தீசா பாட்டு கேரள சிரியன் கிறிஸ்தவங்களோட பழைய ஜெபம், அரமேயிக் மொழில இருக்கு, கூட்டத்துல ஒருத்தருக்கும் மொழி தெரியாது, எல்லாரும் பாடுவாங்க. (எனக்கு இன்னிக்கு வரைக்கும் அதுல ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, ஆனா ஒரு வார்த்தை விடமாட்டேன்.)

அடுத்து லேட்டா போறது. ஆறரைன்னு போட்டா ஏழரைக்குப் போனா சரியா இருக்கும்னு ஒரு கணக்கு வச்சிருக்கோம்ல, அது இங்க செல்லாது. ஏன்னா 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-லேர்ந்து காலைல 6 வரைக்கும் வெளில ஸ்பீக்கர் போடக்கூடாது, அதனால ஓப்பன் கிரவுண்டுல நடக்கற ஷோ பெரும்பாலும் பத்துக்குள்ள முடிஞ்சாகணும், நீங்க விட்ட ஒரு மணி நேரத்தை யாரும் பின்னாடி சேத்துத் தர மாட்டாங்க. அதோட மொதல்ல வாசிக்கற பேரு தெரியாத பேண்டை விட்டுடுவீங்க. எனக்கு இன்னிக்குப் பிடிச்ச ரெண்டு மூணு பேண்டை நான் அப்படி, வேற யாருக்காகவோ டிக்கெட் வாங்கிப் போனப்பதான் கண்டுபிடிச்சேன்.

நாட்டுப்புறக் கலைன்னா இன்னும் சீக்கிரமே போங்கன்னு சொல்லுவேன். பறை வாசிக்கறவங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஓரமா தீ மூட்டி பறையைக் காய்ச்சுவாங்க, தோல் சூடேறி இறுகினாதான் அந்த கணீர்னு சத்தம் வரும், சென்னைக் காத்துல ஈரம் வேற, தோல் சீக்கிரம் தொய்ஞ்சுடும், அதனால நடுவுல திரும்பவும் காய்ச்ச வேண்டி வரும். இது தெரியாம "என்னப்பா, இன்னும் ஆரம்பிக்கல"ன்னு வாட்ச்சைப் பாக்கறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். அய்யா, ஆரம்பிச்சாச்சு, அதான் ஆரம்பம். காய்ச்ச காய்ச்ச ஒரு தட்டு தட்டிக் கேட்டு, பத்தலன்னு திரும்பவும் தீகிட்ட காட்டுவாங்க, பக்கத்துல நின்னு பாத்தீங்கன்னா சத்தம் எப்படி மாறுதுன்னு உங்க காதுக்கே தெரியும். ஒரு கைல நீளமான ஒல்லிக் குச்சி, இன்னொரு கைல குட்டையான தடிக்குச்சி, ரெண்டும் ஏன் ரெண்டு விதமா இருக்குன்னு கேட்டுப் பாருங்க, சந்தோஷமா வாசிச்சே காட்டுவாங்க. 2020 டிசம்பர்ல ஆரம்பிச்ச மார்கழியில் மக்களிசைங்கற இசை விழா, பொங்கல் சமயத்துல பார்க்கு, மைதானம்னு நடக்கற சென்னை சங்கமம், இங்கெல்லாம் போனா இதையெல்லாம் கிட்டக்க பாக்கலாம். சங்கமத்துக்கு டிக்கெட்டும் கிடையாது, அதனாலயே சிலர் அதை ஓசி ஷோன்னு நெனச்சு நடுவுல எந்திரிச்சுப் போவாங்க, காசு குடுத்திருந்தா போவாங்களா?

எங்க நிக்கறதுங்கறது பெரிய விஷயம். எல்லாரும் மேடை முன்னாடி முட்டி மோதறாங்க, ஆனா ராக் ஷோவுல மெயின் ஸ்பீக்கர் மேடையோட ரெண்டு பக்கமும் இருக்கும், நட்ட நடுவுல முன் வரிசைல நின்னா டிரம்ஸும் கிட்டாரோட ஸ்பீக்கர் பெட்டியும் நேரா அடிக்கும், பாடறவங்க குரல் அமுங்கிப் போகும். சவுண்டு இன்ஜினியர் சவுண்டு மிக்ஸர் மெஷின் வச்சுட்டு கிரவுண்டு நடுவுல ஒரு டென்ட்ல உக்காந்திருப்பாரு பாருங்க, அவருக்குக் கேக்கறதை வச்சுத்தான் எல்லாத்தையும் கூட்டிக் குறைக்கறாரு, அதனால அந்த டென்ட்டுக்குப் பக்கத்துல நில்லுங்க, காசு குடுக்காம கிடைக்கற விஐபி சீட்டு அதுதான். மைக் இல்லாத பறையாட்டம், நையாண்டி மேளம்னா இதுக்கு நேர்மாறு, எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போங்க, நெஞ்சுக்கூடு அதிரணும்.

அதிரலாம், காது போகக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல கச்சேரி நடக்கற இடங்களுக்கு சராசரியா 100 டெசிபல்தான் உச்சம்னு ஒரு வரையறை சொல்லுச்சு, அந்த 100-லயே காதை மூடாம கால் மணி நேரத்துக்கு மேல இருந்தா ஆபத்து. பஞ்சு வைக்கறது பெருசா உதவாது, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற ஃபோம் இயர்பிளக் போதும். ஷோ முடிஞ்சு காதுல கொய்ங்னு கேட்டா அதைப் பெருமையா சொல்லிக்கறாங்க, நானும் சொல்லிருக்கேன், முட்டாள்தனம். சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா சத்தத்தை அடக்கற, காது மூடற ஹெட்செட் கட்டாயம்.

போன் பத்தி நிறைய பேர் திட்டியாச்சு, நான் ஒண்ணு மட்டும் சொல்றேன். உறுமி மேளத்துல ஒரு பக்கம் வளைஞ்ச குச்சியைத் தேச்சு அந்த உர்ர்னு சத்தத்தை எடுக்கறாங்கல்ல, அதையும் பேஸ் கிட்டாரையும் போன் மைக் பிடிக்கவே பிடிக்காது, வீட்டுக்குப் போய் போட்டுப் பாத்தா வெறும் கரகரப்புதான். ஒரு பாட்டு எடுங்க, அப்புறம் பாக்கெட்ல வைங்க, பின்னாடி நிக்கற குள்ளமான பொண்ணு உங்க போன் ஸ்க்ரீன்லதான் கச்சேரி பாத்துட்டு இருக்கு.

முன்னாடி இடிச்சு ஆடற கூட்டத்துல விழுந்தவங்களை உடனே தூக்கி விடணும், வேணாம்னு ஒதுங்கி நிக்கறவங்களை இழுக்கக்கூடாது, கூட்டம்தானேன்னு பொண்ணுங்க மேல கை வைக்கறவனை சும்மா விடக்கூடாது. செருப்பு வேணாம், ஷூ. வயித்துக்கு ஏதாவது போட்டுட்டுப் போங்க, உள்ள விக்கற சமோசா விலையைப் பாத்தா பசியே போயிடும்.

கடைசியா வண்டி. நந்தனம் ஒய்எம்சிஏ மாதிரி இடம்னா மெட்ரோ பக்கத்துலயே இருக்கு, ராத்திரி பதினோரு மணி வாக்குல வரைக்கும் ஓடுது, வண்டியே எடுக்காதீங்க. நான் ஒரு தடவை டிராஃபிக்குக்கு பயந்து ஒம்போதே முக்காலுக்கே கிளம்பி பார்க்கிங்குக்கு ஓடினேன், என் வண்டிக்கு முன்னாடி எவனோ குறுக்க நிறுத்திட்டு உள்ள போயிருக்கான், நகர முடியல. எந்தப் பாட்டுக்காக டிக்கெட் வாங்கினேனோ அதை அப்பதான் ஆரம்பிச்சாங்க. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு காம்பவுண்டு சுவத்துல சாஞ்சு முழுசா கேட்டேன், உள்ளேர்ந்து மொத்தக் கூட்டமும் பாடுது, எனக்குப் பக்கத்துல வாட்ச்மேன் மட்டும், அவரும் காலால தாளம் போட்டுட்டு இருந்தாரு.