பேஸ் கிதாரின் ஃப்ரெட்போர்டு மாற்றம்: எங்கே சறுக்குகிறது?

ஃப்ரெட்போர்டு என்பது கிதாரின் நெக்கின், அதாவது நீண்ட கழுத்தின், மேல் ஒட்டியிருக்கும் விரல் வைத்து வாசிக்கும் பலகை. அதை மாற்றப் போகிறவர்கள் முதலில் யோசிப்பது மரத்தைப் பற்றி. கருங்காலியா, ரோஸ்வுட்டா என்ற விவாதம் நாள்கணக்கில் ஓடும். உங்கள் நெக்கில் கழற்றுவதற்கென்று தனிப் பலகை இருக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. 1950களின் ஃபெண்டர் நிறுவன பேஸ்களில் நெக் முழுவதும் ஒரே மேப்பிள் கட்டை. ஃப்ரெட்கள், அதாவது குறுக்கே பதிக்கும் உலோகக் கீற்றுகள், நேராக அதிலேயே இறங்கியிருக்கும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் உலோகக் கம்பியான டிரஸ் ராடைப் பின்பக்கமாக நுழைத்து மூடிய கருத்த பட்டை முதுகில் தெரியும். அதே வகை நெக் இன்றும் வருகிறது. அதில் ஒட்டே இல்லை, எதைப் பிரிப்பது? 1960களின் சில ஃபெண்டர் நெக்குகளில் ரோஸ்வுட் பலகை உண்டு, ஆனால் அதன் அடிப்பாகம் வளைவானது. தட்டையாகக் கத்தியைச் செலுத்தினால் நெக்கின் மரத்தையே வெட்டிவிடும்.

தேய்ந்தது ஃப்ரெட்கள் மட்டும் என்றால் ஃப்ரெட்களை மாற்றினால் போதும். ஃப்ரெட்லெஸ், அதாவது ஃப்ரெட் இல்லாத பேஸ் வேண்டும் என்ற ஆசைக்காகவும் பலகையைக் கழற்ற வேண்டாம். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்த ஃபெண்டரின் 1962 ஜாஸ் பேஸில் மாறியது பலகை இல்லை. ஃப்ரெட்களை எடுத்த பள்ளங்களை நிரப்பி, மேலே எபாக்ஸி பூசியிருந்தார், அவ்வளவுதான். திருகாணியில் நிற்கும் நெக் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது: நெக்கையே மாற்றிவிடலாம். பல நேரம் அதுதான் குறைந்த வேலை.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால், பலகையைப் பிரிக்கும்போது அவசரம்தான் முதல் எதிரி. இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி, பசை இளகிய பிறகு மெல்லிய கத்தியை நுழைக்க வேண்டும். இளகாத இடத்தில் நெம்பினால் சிராய் சிராயாக நெக் மரமும் பெயர்ந்து வரும். கத்தி மர ரேகைக்குள் இறங்குவது போலத் தெரிந்தால் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கமிருந்து வாருங்கள். நெக்கின் ஓரத்தில் வார்னிஷ் இருந்தால் ஒட்டுக் கோட்டை முன்கூட்டியே கீறிவிடுங்கள், இல்லையென்றால் வார்னிஷ் செதில் செதிலாக உரியும். ஈரத்துணியும் நீராவியும் சீக்கிரம் வேலையை முடிக்கும் என்பது உண்மை. ஆனால் நெக் அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு முறுக்கிக்கொள்ளும்; சில நாள் காயவிட்டு, நேர்கோல் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

பழைய பசையைச் சுரண்ட உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்ப்பதும் பலர் செய்யும் பிழை. ஓரங்கள் உருண்டுவிடும். ஒட்டிய பிறகு அங்கே ஒரு கறுப்புக் கோடு நிற்கும், காலத்துக்கும் போகாது. தாளைத் தட்டையான நீளக் கட்டையில் ஒட்டித் தேயுங்கள்.

அளவில் வரும் தவறுகளை இஸ்திரிப் பெட்டியால் சரிசெய்ய முடியாது. ஸ்கேல் நீளம் என்பது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து, உடலில் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வரையிலான கம்பி நீளம். வழக்கமான பேஸுக்கு அது 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ. 12ஆம் ஃப்ரெட் அதில் சரிபாதியில், நட்டிலிருந்து 431.8 மி.மீட்டரில் வரும். முதல் ஃப்ரெட், ஸ்கேலை 17.817ஆல் வகுத்தால் கிடைக்கும் தூரத்தில், கிட்டத்தட்ட 48.5 மி.மீட்டரில். பள்ளங்களை நீங்களே வெட்டினால் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளக்காதீர்கள், சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து கடைசியில் பெரிதாகிவிடும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளவிடுங்கள். பள்ளம் வெட்டிய பலகையை வாங்கினாலும் நட் முனையிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை ஒருமுறை அளந்துவிடுங்கள். பழைய பலகையின் தடிமனையும் குறித்துவையுங்கள். புதியது 2 மி.மீ. தடித்தால் கம்பிகளும் அந்த அளவு உயரும், பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சேடில்கள் ஈடுகொடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒட்டும் கட்டம். கிளாம்ப் இறுக இறுக, ஈரப் பசையின் மேல் பலகை சோப்புக்கட்டி போல நழுவும். நான் முதலில் ஒட்டிய பலகை ஒரு பக்கமாக ஒதுங்கி, கடைசிக் கம்பி ஓரத்தை விட்டு வெளியே விழுந்தது. மொத்த வேலையும் திரும்ப முதலிலிருந்து. இப்போது பசை தடவும் முன்பே, முதல் ஃப்ரெட்டின் பள்ளத்திலும் கடைசி ஃப்ரெட்டின் பள்ளத்திலும் சின்னத் துளையிட்டு ஊசி குத்திவிடுகிறேன். ஃப்ரெட் ஏறியதும் துளை மறைந்துவிடும்.

ரோஸ்வுட், கருங்காலி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்களை ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். டிரஸ் ராட் குழிக்குள் பசை போனால் ராட் அப்படியே சிறைப்பட்டுவிடும், அதனால் குழியின் மேல் மெல்லிய டேப். ராடை இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் நடுநிலையில் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். தண்ணீர் கலந்த பசை மரத்தை ஊறவைத்து நெக்கைப் பின்பக்கம் வளைக்கக்கூடும். அதனால்தான் பலர் எபாக்ஸியை விரும்புகிறார்கள். ஆனால் எபாக்ஸி ஒட்டை அடுத்தவர் பிரிக்க நேர்ந்தால் உங்களைத் திட்டுவார்.

பள்ளத்தை விட, அதற்குள் இறங்கும் ஃப்ரெட்டின் கால் தடித்திருந்தால், இருபது ஃப்ரெட்டும் இருபது ஆப்பு மாதிரி வேலை செய்து நெக்கைப் பின்னுக்கு வளைக்கும். வெட்டி எடுத்த ஒரு துண்டுப் பலகையில் ஓரிரு ஃப்ரெட்டை அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு நெக்கில் கை வையுங்கள்.