புதுப் பாட்டு முதலில் மேடைக்கு, பிறகு ஸ்டூடியோவுக்கு

தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடுகிறவர்கள் சென்னையில் இப்போது பெருகியிருக்கிறார்கள். திரைப்படத்தின் துணையின்றித் தம் பாடலைக் கேட்பவரிடம் சேர்க்க முயலும் இவர்களில் பெரும்பாலோர், பாடலை ஸ்டூடியோவில் பதிவு செய்து, இணையத்தில் வெளியிட்டு, அதன் பிறகே மேடைக்குக் கொண்டு வருகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொண்டால் பணமும் மிஞ்சும், பாடலும் தேறும் என்பது என் அனுபவம். ஒரு புதிய பாடலை முப்பது நாற்பது பேர் முன்னிலையில் குறைந்தது நான்கு முறை பாடிவிட்டுத்தான் பதிவுக்குப் போக வேண்டும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவை ஊர் முதலில் அறிந்துகொண்டது மேடையின் வழியாகத்தான்.

மேடையில் முதலில் சோதிக்க வேண்டியது குறில் நெடில். மெட்டு ஒரு குறிலின் மேல் இரண்டு தட்டு கூடுதலாக நின்றுவிட்டால், கேட்பவர் காதில் அது நெடிலாகிவிடும். ‘படம்’ பாடமாகும், ‘எடு’ ஏடாகும். என்னுடைய பாடல் ஒன்றின் பல்லவி ‘என்னை விடு’ என்று முடிந்தது. வீட்டில் கிதாரோடு பாடிப் பார்த்தபோது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, ஏனென்றால் சொல் இன்னதென்று எனக்கு முன்பே தெரியும். பெசன்ட் நகரில் ஒரு மாடி அறையில் அதைப் பாடி முடித்ததும், முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், “அந்த வீடு எந்த ஊர்ல இருக்கு தம்பி?” என்று கேட்டார். பாடலில் வீடே கிடையாது. மெட்டில் கை வைக்காமல், ‘என்னை விட்டுப் போ’ என்று வரியை மாற்றினேன்; நீட்டல் முழுவதும் ‘போ’ என்ற நெடிலின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்டூடியோவில் இதைக் கண்டுபிடித்திருந்தால் அரை நாள் வாடகை போயிருக்கும். கண்டுபிடித்திருக்கவே மாட்டோம் என்பதுதான் உண்மை, அங்கே இருந்த அனைவருக்கும் வரிகள் மனப்பாடம்.

மேல் ஸ்தாயியில் வரும் சொற்களையும் இப்படியே சோதிக்க வேண்டும். ஆகாரமும் ஓகாரமும் தொண்டையைத் திறந்து கொடுக்கும்; ஈகாரம் உச்சத்தில் பலருக்கும் நெரியும். கேட்பவர்கள் இரண்டாவது பல்லவியில் சேர்ந்து பாட முயன்று எந்த இடத்தில் விட்டுவிடுகிறார்களோ, அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு கடினமான உயிரொலியோ மூச்சு விட இடமில்லாத வரியோ இருக்கும். இவற்றைப் பாடும்போதே கவனிக்க இயலாது. ஆகையால் ஒரு கைபேசியைக் கடைசி வரிசை நாற்காலியில் வைத்து முழு நிகழ்ச்சியையும் பதிவு செய்து, மறுநாள் காலையில் வரிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்தச் சொல் புரியவில்லையோ அதன் மேல் ஒரு கோடு போடுங்கள்.

நாற்பத்தைந்து நிமிட நிகழ்ச்சிக்கு எட்டு ஒன்பது பாடல்கள் போதும். அவற்றில் இரண்டுக்கு மேல் புதியவை வேண்டாம். புதுப் பாட்டை முதலாவதாக வைக்கக் கூடாது, ஏனென்றால் முதல் பாடல் முழுவதும் ஒலிப்பொறியாளர் குரலையும் கிதாரையும் சமன் செய்துகொண்டிருப்பார், வந்தவர்கள் நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவதும் ஆறாவதும் நல்ல இடங்கள். ஒரே சுருதியில் தொடர்ந்து மூன்று பாடல்கள் வந்தால் மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆகவே பாடல், சுருதி, கேப்போ (சுருதியை ஏற்றக் கிதாரின் கழுத்தில் மாட்டும் கவ்வி) வைக்கும் கட்டை, தாள வேகம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரையில் ஒட்டிக்கொள்ளுங்கள். கைபேசியைப் பார்த்துப் பாடுவதை நான் பரிந்துரைப்பதில்லை, நடுப் பாடலில் யாராவது அழைப்பார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு, வரக்கூடியவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896இல் கட்டி முடிக்கப்பட்ட கலையரங்கு ஒலிபெருக்கிகள் பிறப்பதற்கு முந்தைய காலத்து அரங்கு. அங்கே பாட விரும்பாதவர் யார்? ஆனால் பல நூறு இருக்கைகளில் அறுபது பேர் சிதறி உட்கார்ந்தால் கைதட்டல்கூட ஒன்றுசேராது. அதே அறுபது பேர் எழுபது பேருக்கான ஒரு காபிக் கடையிலோ நடனப் பயிற்சி அறையிலோ நெருங்கி அமர்ந்தால் அது நிறைந்த கச்சேரி. மார்கழியில் சபாக்கள் கர்நாடக இசைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும், ரசிகர்களும் அங்கேதான் இருப்பார்கள். அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. திறந்தவெளியில் நடத்துவதென்றால் ஒலிபெருக்கிக்குக் காவல்துறையிடம் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதால், ஒன்பதரைக்குள் முடியும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டின் விலை தலைக்கு ₹500ஐத் தாண்டாத இசை நிகழ்ச்சிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. சிறிய நிகழ்ச்சிக்கு ₹300 வைத்து எழுபது பேர் வந்தால் ₹21,000 கிடைக்கும். இட வாடகை, மைக் செட், கஹோன் என்ற பெட்டித் தாளவாத்தியத்தை வாசிப்பவரின் சம்பளம் மூன்றையும் இதற்குள் அடக்க முடியாவிட்டால், விலையை ஏற்றாமல் நிகழ்ச்சியைச் சிறிதாக்குங்கள்.

ஒலி விஷயத்தில் நான் பட்ட அவதிக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றுதான். கிதாருக்குள் இருந்து தந்தியின் ஒலியை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்புக்கான அந்தப் பேட்டரி தேய்ந்தால் ஒலி முதலில் உடைந்து ஒலிக்கும், பிறகு நின்றே போகும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதியது ஒன்று பையில் இருக்கட்டும். கிதாரை நேரடியாக மிக்ஸரில் சொருகாமல் டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டி வழியாகக் கொடுத்தால் நீண்ட கேபிளில் வரும் இரைச்சல் குறையும். இடத்தில் அது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பாடுகிறவர் தம் குரலைக் கேட்பதற்கான ஒலிபெருக்கியான மேடை மானிட்டரை மைக்கின் பின்புறத்துக்கு நேர் எதிரே வைக்க வேண்டும். முன்பக்க ஒலியையே முக்கியமாக வாங்கும் வழக்கமான கார்டியாய்டு மைக் தனக்குப் பின்னாலிருந்து வரும் ஒலியைப் பெரும்பாலும் வாங்காது, அதனால் வீறிடலும் குறையும். ‘ப’ என்று தொடங்கும் சொற்கள் மைக்கில் குபுக்கென்று வெடித்தால், வாயை மைக்கின் நேர்க்கோட்டிலிருந்து சற்றே விலக்கிக்கொண்டால் போதும். சவுண்ட் செக்கின்போது, “ஹலோ, ஒன், டூ” என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். இருப்பதிலேயே உரத்த பல்லவியை முழுக் குரலில் பாடிக் காட்டுங்கள். வெற்று அரங்கில் எதிரொலி கூடுதலாக இருக்கிறதே என்று பதற வேண்டாம், ஆட்கள் உட்கார்ந்ததும் அது அடங்கும்.

நான்கு மேடைகளில் தேறிய பாடலைப் பதிவு செய்யும்போது, அந்தக் கைபேசிப் பதிவுகளிலிருந்தே தாள வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் தாமாகக் கைதட்டிய வேகம் எதுவோ அதுதான் பாடலின் வேகம்; வீட்டில் மெட்ரோனோமை வைத்து முடிவு செய்ததைவிட அது பெரும்பாலும் சற்று நிதானமாகவே இருக்கும்.

பதிவுக்கு முன்பே உரிமையைத் தாளில் எழுதிவிட வேண்டும். வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் தனித்தனி உரிமைகள். நண்பர் ஒருவர் சரணத்துக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தால், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும். எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டி உரிமையை நிறுவனங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாதபடி 2012ஆம் ஆண்டின் திருத்தம் பாதுகாப்பு தந்திருக்கிறது. அந்தத் தொகையை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலையும் அங்கே பதிந்து வைப்பது நல்லது. கவிதைக்கு மெட்டமைக்க விரும்புகிறவர்களுக்குப் பாரதியார் ஒரு வரம். அவருடைய படைப்புகள் 1949லேயே அரசால் வாங்கப்பட்டு, பின்னர் பொதுவாக்கப்பட்டுவிட்டன. உயிரோடிருக்கும் கவிஞர் என்றால் எழுத்தில் அனுமதி பெறாமல் மேடையில்கூடப் பாடாதீர்கள்.

இணைய வெளியீட்டுக்கு, இசைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்திடம் நான்கு வாரம் முன்பாகவே பாடலை ஒப்படைத்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் வெளியீட்டு நாளுக்கு ஏழு நாட்களாவது முன்னதாகப் பாடலைப் பரிந்துரைக்கு அனுப்பினால்தான், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ என்ற புதுப் பாடல் பட்டியலில் அது வரும் என்ற உறுதி உண்டு. உங்கள் பெயரையும் பாடல் தலைப்பையும் ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை ஒரு முறை முடிவு செய்து, எல்லாத் தளங்களிலும் அப்படியே கொடுங்கள். ழகரத்தை ஓரிடத்தில் ‘இசட்-எச்’ என்றும் இன்னோரிடத்தில் ‘எல்’ என்றும் எழுதிய ஒருவர், தமக்கே இரண்டு பாடகர் பக்கங்கள் உருவாகிவிட்டதைச் சரிசெய்ய இரண்டு மாதம் அலைந்தார். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அடையாளமாகத் தரப்படும், பன்னிரண்டு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விநியோக நிறுவனத்தை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பாடல் கேட்கப்பட்ட பழைய கணக்கு தொடரும்.

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குத் தொகை சேரும். அந்த எல்லையை எட்டிய பிறகும் கையில் வருவது சொற்பமே. எனவே வெளியீட்டு நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் அடுத்த நிகழ்ச்சி இருக்கும்படி தேதி குறியுங்கள். வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, விரும்புகிறவர்களின் வாட்ஸ்அப் எண்களை அவர்கள் கையாலேயே எழுத வாங்குங்கள். அடுத்த கச்சேரிக்கு அழைக்க அந்த நோட்டு போதும். நிகழ்ச்சி முடிந்த இரவே வாத்தியக்காரருக்கும் மைக் செட்காரருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, மீதி எவ்வளவு என்று அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.