செல்லின் ஆற்றல் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடிகள் பகலில் ஒளிச்சேர்க்கையும் இரவில் சுவாசமும் செய்கின்றன என்ற கருத்து, செல்லின் ஆற்றலைப் பற்றி நிலவும் தவறுகளில் மிகப் பரவலானது. நன்கு படித்தவர்கள் பேச்சிலும் அது தலைகாட்டுகிறது. சர்க்கரையை ஆக்சிஜனைக் கொண்டு உடைத்து ஆற்றல் எடுப்பதே செல்லின் சுவாசம்; உயிருள்ள செல் எதுவும் அதற்கென்று நேரம் ஒதுக்கிக்கொள்வதில்லை. நல்ல வெளிச்சத்தில் இலையின் ஒளிச்சேர்க்கை அதே இலையின் சுவாசத்தைவிடப் பல மடங்கு வேகமாக நடப்பதால், சுவாசத்தில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு இலைக்குள்ளேயே செலவாகிவிடுகிறது; வெளியிலிருந்து அளப்பவருக்கு ஆக்சிஜன் வெளிவருவது மட்டுமே தெரிகிறது. வெளிச்சமே படாத வேருக்கு அந்த மறைப்பும் இல்லை. இலையிலிருந்து இறங்கிவரும் சர்க்கரையையும், மண் இடுக்குகளில் உள்ள காற்றின் ஆக்சிஜனையும் நம்பியே வேர்ச்செல்கள் இரவும் பகலும் வேலை செய்கின்றன. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும் என்பதால், கீழ்பவானிப் பாசன வயலில் மஞ்சளுக்குத் தண்ணீர் தேங்கும்போது முதலில் தளர்வது வேரின் சுவாசம். அழுகல் நோய் அதன்பின் எளிதாக நுழைகிறது.

அறுவடை செய்த விளைபொருள் உயிரற்றது என்று எண்ணுவது இதையொட்டி வரும் தவறு. பல்லடம், பொங்கலூர், தொண்டாமுத்தூர் பக்கம் சின்ன வெங்காயத்தை விலை வரும்வரை வைத்திருக்கப் போடும் பட்டறையைச் சற்று உற்றுப் பார்த்தால் இது விளங்கும். தரையிலிருந்து உயர்த்திய அடித்தளம், காற்று புகும்படி இடைவெளி விட்ட பக்கங்கள், குறுகிய அகலம், மழையும் வெயிலும் படாத கூரை என்று அதன் ஒவ்வொரு பகுதியும் உள்ளே காற்று ஓட வேண்டும் என்பதற்காகவே அமைந்தது. வெங்காயத்தின் செல்கள் தம்மிடமுள்ள சர்க்கரையைச் சிறுகச் சிறுக ஆக்சிஜனேற்றம் செய்து, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் வெப்பத்தையும் விடுகின்றன. காற்றோட்டம் இல்லாமல் குவித்து வைத்தால் அந்த வெப்பம் குவியலின் நடுவில் சேர்கிறது. சூடு ஏற ஏற, செல்லின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களான நொதிகள் இன்னும் விரைந்து செயல்பட்டு மேலும் வெப்பத்தை வெளிவிடுகின்றன. சேர்ந்த ஈரம் பூஞ்சைக்கு வழிவிடுகிறது. பட்டறை பிரிக்கும்போது எடை குறைந்திருப்பதில் பெரும்பங்கு காய்ந்துபோன ஈரத்துடையது என்றாலும், ஒரு பங்கு வெங்காயம் உயிரோடிருக்கச் செலவழித்த சர்க்கரையினுடையது. ஈரோட்டு மண்டிகளில் ஆண்டுக்கணக்கில் இருப்பு வைக்கப்படும் மஞ்சளுக்கு இந்தச் செலவு இல்லை. அது வேகவைத்து உலர்த்தப்பட்டது; அதன் செல்கள் கொப்பரையிலேயே இறந்துவிட்டன. வேகவைக்காத விதை மஞ்சளை அப்படி வைத்திருக்க முடியாது.

சும்மா கிடக்கும் வெங்காயத்துக்கு ஆற்றல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. தன்னைச் சூழ்ந்த சவ்வின் இருபுறமும் அயனிகளின் (மின்னூட்டம் கொண்ட அணுக்களின்) செறிவு வேறுபாட்டைக் காப்பதற்கும், பழுதான புரதங்களை உடைத்துப் புதியன கட்டுவதற்கும் செல் ஓயாமல் செலவழித்தாக வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மனித மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வதற்கும் பெரும் காரணம் இந்த அயனி வேலைதான்.

நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜன் உணவிலுள்ள கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக வெளிவருகிறது என்று எழுதுவதும் பிழை. குளுக்கோஸ் முதலில் செல்லின் உட்கூழான சைட்டோபிளாசத்தில், ஆக்சிஜன் தேவைப்படாத கிளைக்காலிசிஸ் என்ற வினைத்தொடர் வழியாக, பைருவேட் என்ற சிறிய மூலக்கூறுகள் இரண்டாகிறது. பைருவேட், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று, 1937-இல் உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரப்ஸ் விளக்கிய சுழற்சியில் சேர்வதற்கு முன்பும் சுழற்சிக்குள்ளும் கார்பன் டை ஆக்சைடை இழக்கிறது. அந்த வாயுவிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் உணவிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. நாம் இழுத்த ஆக்சிஜன் வேறோரிடத்தில், உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரத வரிசையான எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் கடைசியில் நின்று, எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் ஏற்று நீராகிறது. கடைசியில் ஏற்றுக்கொள்ள ஆளில்லாவிட்டால் சங்கிலி முழுவதும் தேங்கிவிடும்.

இனி, செல் தன் வேலைகளுக்கு ஆற்றலைச் செலவிடப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏடிபி (ATP). அதன் பாஸ்பேட் பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, பிணைப்பு உடையும்போது அது வெளிப்படுகிறது என்ற விளக்கம் எத்தனையோ குறிப்பேடுகளில் இடம்பெற்றுள்ளது. வேதியியலில் எந்தப் பிணைப்பை உடைப்பதற்கும் ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும், ஏடிபி விதிவிலக்கல்ல. மூன்று பாஸ்பேட் கொண்ட ஏடிபி நீரோடு வினைபுரிந்து, இரண்டு பாஸ்பேட் கொண்ட ஏடிபி-யின் மிச்சமும் (ஏடிபி உடைந்த ADP) தனிப் பாஸ்பேட்டுமாகும்போது, நெருங்கி நின்று ஒன்றையொன்று தள்ளிய எதிர்மின்னூட்டங்கள் விலகுகின்றன. புதிதாக உருவானவை முன்னதைவிட நிலைப்புத்தன்மை மிக்கவை. முன்னும் பின்னும் உள்ள அந்த வேறுபாடே கிடைக்கும் ஆற்றல். கணக்கீட்டுக்கென்று வரையறுத்த நியமச் சூழலில் அது மோலுக்கு 30.5 கிலோ ஜூல். உயிருள்ள செல்லில், ஏடிபியின் அளவு சமநிலையிலிருந்து வெகுதூரம் உயர்த்தி வைக்கப்பட்டிருப்பதால், ஏறத்தாழ 50 கிலோ ஜூல். வெறுமனே நீரில் உடைந்தால் அவ்வளவும் வெப்பமாகவே போய்விடும் என்பதால்தான், நொதிகள் பாஸ்பேட்டை நேரடியாக வேறொரு மூலக்கூறின் மேல் ஏற்றி வேலை வாங்குகின்றன.

ஏடிபியைச் சேமிப்பு என்று கருதுவதும் கூடாது. அது சந்தையில் காலை முதல் கைமாறிக்கொண்டே இருக்கும் ரொக்கம் போன்றது. சேமிப்பு கொழுப்பும், குளுக்கோஸின் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜனுமே. ஓய்வாக இருக்கும் ஒருவர் உடலில் ஒரு நாளைக்கு உருவாகி உடையும் ஏடிபி சுமார் 40 கிலோ. அதே நேரத்தில் எந்தக் கணத்திலும் உடலில் இருப்பதோ கிராம் கணக்கில்தான்.

ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏடிபி என்ற கேள்விக்கு 36 அல்லது 38 என்று முழு எண்ணை மனப்பாடம் செய்திருப்பவர்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் திகைப்பார்கள். எலக்ட்ரான் சங்கிலி ஏடிபியை நேராகச் செய்வதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்டிப் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது, அவை திரும்பி வரும் வழியில் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதியைச் சுழற்றுகின்றன. உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-இல் இதை முன்வைத்தபோது எளிதில் ஏற்கப்படவில்லை. 1978-இல் நோபல் பரிசு வந்தது. உணவிலிருந்து எலக்ட்ரான்களைச் சங்கிலிக்குச் சுமந்துவரும் மூலக்கூறான என்ஏடிஹெச் (NADH) ஒன்று சுமார் 10 புரோட்டான்களைத் தள்ள, ஒரு ஏடிபிக்குச் சுமார் 4 புரோட்டான்கள் தேவைப்படுவதால், கிடைப்பது பழைய கணக்கு வைத்துக்கொண்ட 3 ஏடிபி அல்ல, 2.5. அப்படிக் கூட்டினால் 30 முதல் 32 வரை வரும். சவ்வில் சிறு கசிவும் உண்டு என்பதால் இதுவும் உச்சவரம்புதான். குளுக்கோஸின் ஆற்றலில் கணிசமான பகுதி வெப்பமாகிறது. நம் உடல் சூடாக இருப்பது அதனால்தான்.

மைட்டோகாண்ட்ரியா இல்லையேல் ஆற்றல் இல்லை என்பதும் சரியல்ல. நமது சிவப்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது; அவை கிளைக்காலிசிஸை மட்டும் வைத்து சுமார் 120 நாள் வாழ்கின்றன. இட்லி மாவைப் பொங்கச் செய்யும் பாக்டீரியாக்களுக்கும் மைட்டோகாண்ட்ரியா இல்லை.

பூண்டி அடிவாரத்திலிருந்து வெள்ளியங்கிரி ஏழாவது மலைவரை ஏறி இறங்கியவர்கள், அடுத்த இரண்டு நாள் படியிறங்க முடியாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு, "தசையில் லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது" என்பார்கள். கடும் உழைப்பில் தசை லாக்டேட்டை (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) உண்டாக்குவது உண்மை. கிளைக்காலிசிஸ் நின்றுவிடாமல் இருக்க அது தேவைப்படுகிறது. ஆனால் அது கழிவாகக் கிடப்பதில்லை: இதயத்தசை அதையே எரிபொருளாக்குகிறது, கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்குகிறது, ஓய்வெடுத்த ஒரு மணி நேர அளவில் இரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. மறுநாள் தொடங்கி 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும் வலி, பெரும்பாலும் இறங்கும்போது நேர்ந்தது. உடல் எடையைத் தாங்கியபடியே தொடைத்தசை நீளும்போது அதன் இழைகளில் நுண்ணிய சிதைவும், அதைத் தொடர்ந்து அழற்சியும் ஏற்படுகின்றன. ஆகவே "தேங்கிய லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும்" என்று சொல்லி விற்கப்படும் பானத்தை மறுநாள் காலையில் குடிப்பவரின் தசையில், வெளியேற்றுவதற்கு அப்படி எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.